அவள் காதுக்கு மட்டும்

காது பரிசோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். சத்தம் கேட்டால் மட்டும் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வேன். தலையாட்டிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்வார்கள். ஹெட்போனை மாட்டியதும் முகம் மாறிவிடும்; பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகமாகிவிடும். நான் எதுவுமே அனுப்பாத நேரத்திலும் சிலர் பொத்தானை அழுத்துவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. காத்திருக்கிற காது சும்மா இருக்காது. பதினாறு வருட வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்கு ஒரு சத்தம் கேட்டிருக்கலாம். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்டர், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சபை மூப்பர்கள் இருவரும் படிப்பார்கள் என்றீர்கள். அவர்களுக்கு வாத்தியங்களைப் பற்றி அதிகம் தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். பெயரில் கிட்டார் என்று இருந்தாலும் மடியில் வைத்து வாசிக்கிற பொருள் அல்ல. நான்கு கால்களோடு ஒரு குறுகிய மேஜை மாதிரி நிற்கும். மேலே பத்துக் கம்பிகள். இடது கையில் ஒரு உருளை இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை விரல்களில் உலோக நகங்கள். இடது பாதத்துக்கு மூன்று பெடல்கள், முழங்கால்களுக்கு நெம்புகோல்கள். அவற்றை அழுத்தும்போது கம்பி இழுபட்டு ஒரு ஸ்வரம் இன்னொரு ஸ்வரமாகக் கரையும். என் தங்கையின் கணவர் இதற்கு இஸ்திரி மேஜை என்று பெயர் வைத்திருந்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஆராதனைக்கு உள்ளே வரமாட்டார். வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன மச்சான், இன்னிக்கு எத்தனை சட்டை தேச்சீங்க?" என்பார். ஆறு வருடமாக ஒரே நகைச்சுவை. ஒவ்வொரு வாரமும் என் தங்கை அதற்குப் புதிதாகச் சிரிப்பாள்.

வலது பாதத்தின் கீழே தனியாக இன்னொரு பெடல் உண்டு. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் அது. மூப்பர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பெடலை முழுதாக மூடிவிட்டுக் கம்பியை மீட்டினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. கம்பி அதிர்ந்துகொண்டேயிருக்கும். பிறகு மெல்லத் திறந்தால், மீட்டிய ஒலி இல்லாமல் ஸ்வரம் மட்டும் வரும். எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலிலிருந்தே அந்த அறைக்குள் இருந்ததுபோலத் தோன்றும்.

நம் சபையின் பாடல்களில் எனக்கு வேலை குறைவு. கீபோர்டும் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து பாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் என் தங்கை பாடுவாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் அவள் மூச்சு வாங்குவாள். அந்த இடம் என்னுடையது. அவள் விட்ட இடத்திலிருந்து ஸ்வரத்தை வாங்கி, கொஞ்சம் ஏற்றி, அவள் வாயருகே கொண்டுபோய் மறுபடி வைப்பேன். அவ்வளவுதான் என் வாழ்க்கையில் நான் செய்த இசை.

எனக்குப் பாட வராது. சின்ன வயதில் நான் பாடினால் அவள் தன் இரண்டு கைகளாலும் என் வாயை மூடுவாள். "அண்ணா, நீ வாயத் தொறக்காத. ஆரம்பிச்சு மட்டும் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அதில் ஒரு கட்டையை அழுத்துவேன். அவள் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது.

இனி சபையில் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நாம் 'காத்திருப்பு' என்று அழைக்கும் மூன்று நிமிடம் வரும். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, வாத்தியம் இல்லை. எல்லாரும் கண்ணை மூடி நிற்பார்கள். ஒலிப் பலகையில் இருக்கிற தம்பி, நாம் எல்லாரும் 'சவுண்டு' என்று கூப்பிடுகிறவன், மேடையிலிருந்து வரும் எல்லா வாத்தியங்களையும் மண்டபத்துக்குப் போகாமல் முடக்கிவிடுவான். வாசிப்பவர்கள் காதில் இருக்கும் இயர்பீஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். என் தங்கை மட்டும் கழற்றமாட்டாள். காத்திருப்பு முடிந்ததும் அடுத்த பாட்டை அவள் தனிக் குரலில், வாத்தியம் இல்லாமல், தொடங்க வேண்டும். அதற்குச் சுருதி வேண்டும். அந்தச் சுருதியை ஒற்றைக் கம்பியில், அவள் காதுக்கு மட்டும், நான் கொடுப்பேன். மண்டபத்தில் கேட்காது, மற்ற வாத்தியக்காரர்களுக்கும் கேட்காது. நீங்களே ஒருமுறை மேடையில் சொன்னீர்கள்: "சகோதரி அந்தச் சுருதிய எங்கேருந்து எடுக்கறாங்கன்னு எனக்கு இன்னும் தெரியல." அவள் என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினாள்.

அவளுடைய இயர்பீஸை நான்தான் செய்தேன். நான் வேலை செய்கிற காது பரிசோதனை நிலையத்தில் காது அச்சு எடுக்கிற இளஞ்சிவப்புப் பசை உண்டு. அதை இரண்டு காதுகளிலும் ஊற்றி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வைத்தேன். எதுவும் கேட்காமல், பேசவும் கூடாமல் அவள் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கண்களால் என்னைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். அந்த அச்சில் செய்த இயர்பீஸ் உலகத்தில் வேறு எந்தக் காதுக்கும் பொருந்தாது. அவரவர் காதில் எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவரவர் ஃபோனில் வைத்துக்கொள்ளும் வசதி நம்மிடம் உண்டு. அவள் அதைத் தொட்டதே இல்லை. "அந்தக் கோடுங்களையெல்லாம் ஏத்தி எறக்க எனக்குத் தெரியாது. நீயே வெச்சுடு." அப்படித்தான் அவள் காதுகள் என் ஃபோனில் இருந்தன.

போன வருடத் தொடக்கத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். கெட்ட கட்டி, ஆனால் சரியான நேரத்தில் பிடிபட்டது என்றார் மருத்துவர். ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. ஒரே சிக்கல், குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டியிருந்தது. "பேசலாம். பாட முடியாது" என்றார். மாப்பிள்ளை அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் கேட்டு அழுதார், நன்றி சொன்னார். நான் இரண்டாவது பாதியைக் கேட்டேன். இதில் யார் சரி என்று இப்போது சொல்லத் தேவையில்லை.

பரிசோதனைகளுக்காக அவள் இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. கீபோர்டு வாசிக்கிறவரின் மனைவி பாடினார். நல்ல குரல். ஆனால் அவர் மூச்சு வாங்குகிற இடம் வேறு. நான் நுழையும்போது அவர் இருந்தார், அவர் போனபோது நான் முடித்திருந்தேன். ஆராதனைக்குப் பிறகு நீங்கள் என் தோளில் கை வைத்து, "அந்த வாத்தியம் இன்னிக்கு சும்மா அழுதுக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு பிரதர், அடுத்த வாரம் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமா?" என்றீர்கள். நீங்கள் சொன்னதில் தவறில்லை. அவள் இல்லாமல் அது அழுகைதான்.

அறுவை சிகிச்சை ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவள் என் நிலையத்துக்கு வந்தாள். வருடம் ஒருமுறை அவள் காதை நான் சோதித்துப் பார்ப்பது வழக்கம். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பேசுவது மைக் வழியாக எனக்குக் கேட்கும்.

"அண்ணா, கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"இதுக்குள்ள உக்காந்தா என் நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குது. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடாம என்ன. உனக்கு அப்படி என்ன வயசாச்சு?"

"முப்பத்தொம்போது. மறந்த மாதிரி நடிக்காத. போன மாசம் பிறந்தநாளுக்கு ஒரு கைக்குட்டைகூட நீ வாங்கித் தரல."

"கைக்குட்டையா வேணும் உனக்கு?"

"வேணாம். ஒண்ணு சொல்லணும். வெளிய வந்தா சொல்ல முடியாது, அதான் உள்ள உக்காந்துட்டு சொல்றேன். என் மூஞ்சியப் பாக்காத."

நான் என் முன்னாலிருந்த கருவியைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம காத்திருப்புல நான் ஆண்டவர்கிட்ட கேக்கப்போறேன். அந்த மூணு நிமிஷத்துல எனக்கு ஏதாவது ஒரு சத்தம் கேட்டா, பாடுன்னு அர்த்தம். ஆபரேஷன் வேண்டாம். ஒண்ணுமே கேக்கலன்னா திங்கக்கெழம காலைல சமத்தாப் போய்ப் படுத்துக்கறேன்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட சொன்னா பஸ்ஸ நேரா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திடுவாரு. உனக்கு மட்டும்தான் சொல்றேன். ஏன் சொல்றேன்னா, நீ அன்னிக்கு எனக்குச் சுருதி குடுக்காத. நானே ஆரம்பிச்சுக்கறேன்."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொன்னேன்ல."

பிறகு வழக்கம்போலச் சோதனை செய்தேன். அவளுடைய காதுகள் எப்போதும்போலக் குறையில்லாமல் இருந்தன.

மூன்று நாள் யோசித்தேன். நான் யோசித்ததெல்லாம் நியாயமான விஷயங்கள்தான். அவள் பாடுவதைக் கேட்டு இந்தச் சபைக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பேச்சே இல்லாமல் இருந்த தையல்காரம்மா, அவள் பாட்டில்தான் முதல்முறை வாய்விட்டு அழுதார். பாட முடியாமல் இன்னும் நாற்பது வருடம் அவள் எப்படி வாழ்வாள் என்று யோசித்தேன். சமையலறையில் வாயசைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள் என்று கற்பனை செய்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அவளால் தாங்க முடியாது என்று எழுதுவதுதான் சரியாக இருக்கும். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. மண்டபத்தின் உயரமான ஜன்னல்கள் வழியாக ஒளி நாற்காலிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்தது. சவுண்டு எல்லாவற்றையும் முடக்கினான். டிரம்ஸ் வாசிப்பவர் இயர்பீஸைக் கழற்றினார், கிட்டார் வாசிப்பவர் கழற்றினார். நானும் கழற்றினேன். அவள் மேடையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

வலது பாதத்தால் பெடலை மூடினேன். எந்தக் கம்பி என்று முந்தின நாளே தீர்மானித்திருந்தேன். வழக்கமாகச் சுருதி கொடுக்கிற கம்பி அல்ல, அதற்கும் கீழே, நான் பாட்டுகளில் தொடாத ஒரு தாழ்ந்த இடம். கம்பியின் மேல் இரும்பைப் பிடிக்கிறபோது ஒவ்வொருவரின் இடது கையிலும் ஒரு நடுக்கம் இருக்கும். அது கையெழுத்து மாதிரி, ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இரும்பை அசைக்கவேயில்லை, செத்த கைபோல வைத்துக்கொண்டேன். ஒருமுறை மீட்டினேன். பெடலைத் திறந்தேன்.

எனக்கே கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் புருவங்கள் லேசாக உயர்ந்தன. கண்ணைத் திறக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், வாசலில் யாரோ வந்திருப்பதைக் கேட்பதுபோல. பெடலை மூடினேன். பதினொரு நொடி என்று ஒலிப்பதிவு சொல்கிறது. எனக்கு அதிகமாகத் தோன்றியது.

மூன்று நிமிடம் முடிந்ததும் அவள் பாடினாள். வழக்கமான சுருதியில் அல்ல. நான் கொடுத்த அந்தத் தாழ்ந்த ஸ்வரத்திலிருந்தே தொடங்கினாள். அந்தப் பாட்டை அதுவரை யாரும் அவ்வளவு கீழே பாடியதில்லை. கீபோர்டுக்காரர் திரும்பி என்னை முறைத்தார், பிறகு அவசரமாகச் சுருதியை மாற்றிக்கொண்டார். எனக்கு மாற்ற எதுவும் இல்லை. நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். அன்றைக்கு எத்தனை பேர் அழுதார்கள் என்று உங்களுக்கே தெரியும் பாஸ்டர். நீங்களும் அழுதீர்கள்.

வெளியே வந்தபோது மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். "என்ன மச்சான், இன்னிக்கு எத்தனை சட்டை?"

நான் பதில் சொல்வதற்கு முன் அவள் சொன்னாள்: "இன்னிக்கு ஒரே ஒரு சட்டைதான். ஆனா நல்லா தேச்சான்."

மூன்று பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலை அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை சீருடையோடு என் நிலையத்துக்கு வந்தார். காத்திருக்கிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சாம் மச்சான். ஆண்டவர் பாடச் சொல்லிட்டாராம். நான் என்ன பண்ணட்டும், கால்ல விழட்டுமா? விழுந்தும் பாத்துட்டேன்."

"அவளோட நம்பிக்கை மாப்ள அது."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. நான் சொன்னா, உங்களுக்கு என்ன தெரியும், நீங்க கார்ல உக்காந்து பேப்பர் படிக்கறவர்தானேங்கறா. உங்க பேச்சத் தட்ட மாட்டா. வாங்க மச்சான், இப்பவே போகலாம்."

"அவ விசுவாசத்துல நான் எப்படி மாப்ள கை வைக்க முடியும்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்குப் பத்தேகாலுக்கு வண்டி" என்றார். அவர் போன பிறகு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு வயதானவரை உட்காரச் சொல்லி அவருடைய காதுக் கருவிக்கு மின்கலம் மாற்றிக் கொடுத்தேன். அன்று நான் வேலையில் ஒரு தவறும் செய்யவில்லை.

அவள் மூன்று மாதம் பாடினாள். அந்த மூன்று மாதம்போல அவள் அதற்கு முன் பாடியதில்லை. இதையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் மாதக் கடைசியில் மருத்துவர் மறுபடி கூப்பிட்டுப் பேசினார். கட்டி வளர்ந்திருந்தது. இப்போது எடுத்தாலும் பிழைக்க வழியிருக்கிறது, பாதிக்குப் பாதி என்றார். அந்த வாரத்தில் ஒரு மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் ஸ்டீலுக்குப் புதுக் கம்பிகள் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, நான் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னிக்கு நீ ஏதாவது வாசிச்சியா?"

"என்னிக்கு?"

"என்னிக்குன்னு உனக்குத் தெரியும்."

"இல்லையே."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் நான்கைந்து துண்டுகளைப் பொறுக்கினாள். காலில் குத்திவிடும் என்று மேஜைக்கு அடியிலும் குனிந்து தேடினாள். டப்பாவை மூடினாள்.

"அப்ப சரி" என்றாள்.

ஏன் பொய் சொன்னேன் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் நம்பிக்கை உடைந்திருக்கும். இறைவன் தன்னோடு பேசினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளிடம், பேசியது உன் அண்ணன்தான் என்று எப்படிச் சொல்வது? நான் அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் அவள் குரல் கரகரத்தது. ஆறாம் மாதம் போய்விட்டது. கத்தி எடுத்துக்கொண்டுவிடும் என்று நான் பயந்த குரலைக் கட்டி எடுத்துக்கொண்டது. இது நடக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காதைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் தொண்டையைப் பற்றி ஒரு மருத்துவரிடமாவது கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அவள் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினாள். எனக்கு எழுதியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். 'சாப்டியா.' 'முடி வெட்டு, பாக்க சகிக்கல.' 'கீபோர்டு வீட்டம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் மெதுவா வாசி, அவங்க மூச்சு சின்னது.'

அவள் கடைசியாக ஆராதனைக்கு வந்த அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காத்திருப்பு வந்தது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் எழுந்து, நாற்காலியைப் பிடித்துப் பிடித்து, மேடையின் இரண்டு படிகளை ஏறி என்னிடம் வந்தாள். கைப்பையிலிருந்து இயர்பீஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். நினைவுக்காகக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். தலையாட்டினேன், புன்னகை செய்தேன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவளை அடக்கம் செய்த அன்று நான் வாசித்தேன். நன்றாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் பாடியதையெல்லாம் ஒரு தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று சபை முடிவு செய்தது. சவுண்டு பழைய ஒலிப்பதிவுகளை எடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். மண்டபத்துக்கு முடக்குவது வேறு, பதிவு வேறு. பதிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையின் மூன்று நிமிடத்தில் எல்லாத் தடங்களும் திரையில் தட்டையாக இருக்க, என் தடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு இருந்தது. அவன் வெள்ளந்தியாக அதை மாப்பிள்ளையிடம் போட்டுக் காட்டியிருக்கிறான், "இது என்னன்னே தெரியலண்ணே, ஆனா அழகா இருக்கு" என்று. மாப்பிள்ளை தேதியைக் கேட்டிருக்கிறார். பிறகு வீட்டுக்குப் போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். அவருக்கு அவள் எழுதியிருந்த பக்கத்தை நேற்று நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அவள் இறந்து நான்கு மாதமாக அவர் அதைத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டதால் வைத்திருந்திருக்கிறார். ஒலிப்பதிவைக் காதால் கேட்ட பிறகு அவரால் முடியவில்லை.

ஒருமுறைதான் கேட்டேன் என்றாலும் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

'சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல, அது அண்ணன். கேட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு. கைய ஆட்டாம வெச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கான். பெடல பாதி தொறந்துட்டு ஒரு நொடி தயங்குவான், கதவத் தட்டிட்டு உள்ள வர்றவங்க மாதிரி. அது அவனுக்கே தெரியாது. குடுக்காதன்னு சொல்லியும் குடுத்தான்னா எதுக்காகவோ குடுக்கறான்னு நெனச்சேன். சின்ன வயசுலேர்ந்து அண்ணன் எனக்குத் தப்பான சுருதி குடுத்ததே இல்ல. அதனால பாடிட்டேன். அப்புறம் பயம் வந்துச்சு. ரெண்டு தடவ அவன்கிட்ட கேட்டேன். மொதல்ல கேட்டப்ப, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போய்ப் படுத்திருப்பேன். அவன் வாயால வரணும்னு இருந்தேன். நீங்க அவன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அவனுக்கு வேற பாட்டு கெடையாது.'

இரண்டு தடவை கேட்டதாக எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு தடவைதான் நினைவிருந்தது. நேற்று வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு போக்குவரத்து விளக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் இரண்டாவது தடவை எது என்று புரிந்தது. அந்த இயர்பீஸ் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. என் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

மூப்பர்கள் எழுத்தில் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் செய்தேன். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அவள் இறந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மருத்துவர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். தெரிந்தே பெடலைத் திறந்தேன்.

தொடக்கத்தில் எழுதிய ஒன்றையும் திருத்த வேண்டும். நான் செய்யாமல் இருந்திருந்தாலும் அவளுக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கலாம் என்று எழுதினேன். அவளுடைய பரிசோதனைத் தாள்கள் ஒன்பது வருடத்துக்கு என்னிடம் இருக்கின்றன. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் சத்தம் அனுப்பாதபோது என் தங்கை ஒருமுறைகூடப் பொத்தானை அழுத்தியதில்லை. அந்த வியாழக்கிழமையும் அழுத்தவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. திங்கட்கிழமை காலையில் சமத்தாகப் போய்ப் படுத்திருப்பாள்.

இனிமேல் நான் மேடையில் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். சரி. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மாப்பிள்ளை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றிருக்கிறார், அதுவும் நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தொகுப்பில் என் வாத்தியம் வருகிற தடத்தை முழுதாக நீக்கிவிட்டு அவள் குரலை மட்டும் வைக்கப்போவதாகச் சவுண்டு சொன்னான். மூப்பர்களின் முடிவு என்றான். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அவள் மூச்சு வாங்குகிற இடங்களில் யாராவது இருக்க வேண்டும். நான் இல்லாவிட்டால் அவள் தனியாகிவிடுவாள்.